மீன் தொட்டிக்கு ஒரு கலிங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் தொட்டியிலிருந்து நான்கு வாளி எடுத்து நான்கு வாளி ஊற்றுவது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. திருநகர் வீட்டில் இரண்டு தொட்டிகள். மூன்றடித் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள். கல்லும் மணலும் போகச் சுமார் 110 லிட்டர் பிடிக்கும். இரண்டடித் தொட்டியில் கப்பிகள், 50 லிட்டர். மாசி மாதம் முதுகு பிடித்துக்கொண்டதில் ஐந்து வாரம் வாளியைத் தொடவில்லை. வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றி நிரப்பி வந்தேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று தெரிந்தே செய்த சோம்பேறித்தனம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 870 காட்டியது. குழாய்த் தண்ணீர் 410.

அந்த நேரத்தில்தான் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மாமாவின் மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செடிக்குச் செடி டிரிப்பர் சொட்டிக்கொண்டிருந்தது. இதையே தொட்டிக்கு வைத்தால் என்ன என்று கேட்டேன். மாமா சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை, மடையை எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் வை. கலிங்கைப் பெரிதாக வை. கலிங்கு சரியில்லாத கண்மாய் கரையை உடைத்துக்கொண்டுதான் போகும்" என்றார். கலிங்கு என்றால் கண்மாய் நிறைந்ததும் மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். தலையாட்டிவிட்டு வந்தேன். காதில் மட்டும்தான் வாங்கியிருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது.

மொட்டை மாடியில் 200 லிட்டர் கறுப்பு டிரம் ஒன்றைத் தனியாக வைத்தேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்தே குழாயை இழுத்திருக்கலாம். ஆனால் ஏதாவது கோளாறானால் வீட்டுத் தண்ணீர் முழுவதும் கூடத்துக்கு வந்துவிடும். டிரம் என்றால் சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. தவிர, குளோரின் பறக்க ஒரு நாள் வேண்டும். நிரப்பியதும் வால்வை மூடிவிட்டு, மறுநாள் சோதனைச் சொட்டு விட்டு, குளோரினைக் காட்டும் மஞ்சள் நிறம் வரவில்லை என்று பார்த்த பிறகே திறக்கிறேன். குளோரமின் கலந்த தண்ணீராக இருந்தால் காத்திருந்து பயனில்லை, மருந்துதான் விட வேண்டும். வாயை இறுக மூடாமல் கொசுவலைத் துணியைக் கட்டியிருக்கிறேன். டெங்கு கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தானே பிடிக்கும்.

டிரிப்பரில் முதல் தடுமாற்றம். கடையில் விலை கூடியதைக் கேட்டு, அழுத்தத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் வகையை வாங்கி வந்தேன். ஒன்று சொட்டியது, மற்றொன்று அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணீர் விட்டது. கணக்குப் போட்ட பிறகே புரிந்தது. 33 அடி உயரத் தண்ணீர்தான் 1 பார் அழுத்தம் தரும். என் டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையே பத்தடிதான், 0.3 பார். அந்த வகை டிரிப்பர் சீராக வேலை செய்ய அது போதாது. மறுநாள் சாதாரண 4 லிட்டர் டிரிப்பர் வாங்கினேன். மணிக்கு 4 லிட்டர் என்பது 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டம் குறையும் என்பதால் எனக்கு 2.2 வர வேண்டும். அளவுக் குவளையைப் பிடித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். 2.1 லிட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்று இந்த வயதில் வீட்டுக்குள் வந்து சொட்டுகிறது! கப்பித் தொட்டிக்கு 2 லிட்டர் டிரிப்பர்.

குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் டைமரிலும் இதே கதை. ரப்பர் சவ்வு வைத்த வால்வு திறப்பதற்கே அழுத்தம் கேட்கும். உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வகைதான் பத்தடிக்குச் சரிப்பட்டது. இரண்டு பேனா பாட்டரி போதும். மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை.

இனி கலிங்கு. தொட்டியைக் காலி செய்து, பின்பக்கக் கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியில் துளைபோடும் பிட்டை வைத்தால் நொறுங்கிவிடும். நம்முடையது சாதாரணக் கண்ணாடி என்று தொட்டி செய்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தொட்டியைப் படுக்க வைத்து, சப்பாத்தி மாவை உருட்டி வட்டமாக வரப்புக் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றினேன். வைர பிட், மெதுவான வேகம், அழுத்தாத கை. தண்ணீர் பாலாக மாறும். துடைத்துவிட்டு வேறு ஊற்ற வேண்டும். இருபது நிமிடம் கழித்து 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். வட்டக் கண்ணாடித் துண்டு கையில் வந்தது. அரை அங்குல டேங்க் கனெக்டர், எல்போ என்னும் வளைவுத் துண்டு, வெளியே குழாய், கொல்லையில் வாழைக்கு. எல்போ வாயில் கப்பிக் குஞ்சு போகாதபடி வலை.

இரண்டு தொட்டிகளையும் கண்மாய்ச் சங்கிலி போல இணைத்து, மேல் தொட்டியில் வழியும் மறுகால் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்கு விடலாமா என்ற ஆசையும் வந்தது. ஏஞ்சலின் கழிவும் நோயும் கப்பிக்குப் போய்ச் சேரும் என்பதால் விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் நாள் விடியற்காலை மனைவி எழுப்பினாள். "உங்கள் கண்மாய் உடைந்துவிட்டது, எழுந்து வாருங்கள்." கூடத்தில் தண்ணீர். ஒரே ஒரு நத்தை, வலையின் நடுவில் பாய் விரித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த மிச்ச இடத்தைப் பாசி அடைத்திருந்தது. மாமாவின் வார்த்தை அப்போதுதான் மூளைக்குப் போனது. வலையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றரை அங்குல பிவிசி துண்டில் ஆக்சா பிளேடால் இருபத்துநான்கு கீறல் போட்டு, அடியை மூடி எல்போவில் மாட்டினேன். ஐந்து நத்தைகள் மாநாடு போட்டாலும் இதை அடைக்க முடியாது.

டைமர் இப்போது அதிகாலை இரண்டு முதல் ஏழு வரை. முதல் வாரம் இரண்டு மணி நேரம்தான் விட்டேன். 870-இல் பழகிய மீனை ஒரேயடியாக மாற்றக் கூடாது. பகலில் விடாததற்குக் காரணம் சித்திரை வெயில். மாடியில் கிடக்கும் நான்கு மில்லிமீட்டர் குழாயிலிருந்து மத்தியானம் வருவது வெந்நீர். வெள்ளைக் குழாயில் ஒரு வாரத்தில் பாசி பிடித்ததால் அதையும் கறுப்பாக மாற்றினேன். டிரிப்பர் வாயில் உப்புப் பொருக்கு கட்டுகிறது. மாதம் ஒருமுறை வினிகரில் ஊறப்போட்டால் விட்டுவிடும்.

ஏஞ்சல் தொட்டிக்கு நாளுக்குப் பத்தரை லிட்டர், வாரத்துக்கு 73. ஆனாலும் வாரக் கடைசியில் பழைய தண்ணீரில் பாதி தொட்டியிலேயே இருக்கும், ஏனென்றால் புதிதாக வருவதிலும் ஒரு பங்கு கலந்து வெளியே போய்விடுகிறது. வாளி முறையில் இந்த நட்டம் இல்லை. இருந்தாலும் முதுகின் கணக்கு வேறு.

நாற்பதாம் நாள் மீட்டர் 530. குழாயின் 410-க்கு அது இறங்கவே இறங்காது. தினமும் இரண்டு லிட்டர் ஆவியாவதன் பங்கு அது.

நேற்று ஏஞ்சல் ஜோடி முட்டையிட்டிருக்கிறது. வாங்கி வைத்த ஸ்லேட்டுக் கல்லை விட்டுவிட்டு, நான் கீறிய பிவிசி குழாயின் மேல், கீறல்களுக்கு நடுவே வரிசையாக. ஆண் மீன் இப்போது குழாயைக் காவல் காக்கிறது. கீறலைச் சுத்தம் செய்யும் நாள் இன்று. கையை விட்டால் கொத்துகிறது.