பிளேட்டைக் கழற்றியதும் எறியாதீர்கள், பின்பக்கம் பாருங்கள்

அப்பாவுக்குக் குடலை வயிற்றுத் தோல் வழியே வெளியே திறந்துவிட்டு (அந்த வாய்தான் ஸ்டோமா), மலம் பையில் விழும்படி ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன், டிஸ்சார்ஜ், பை மாற்றப் பழகியது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்பாவை வண்ணாரப்பேட்டை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஆரம்பித்தது கசிவு. ஸ்டோமாவைச் சுற்றித் தோலில் ஒட்டிப் பையைத் தாங்குகிற, நடுவில் ஓட்டையுள்ள தகடுதான் பிளேட். மூன்று, நான்கு நாள் தாங்க வேண்டிய அது ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் செய்தது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பேஸ்ட். அதுதான் தப்பு.

ஸ்டோமா பேஸ்ட் ஒட்டுவதற்கான பசை அல்ல. ஒடுங்கிய வண்டிக்குப் பட்டி பார்க்கிறார்களே, அந்த வேலைதான் அதற்கு. பள்ளத்தை நிரப்பும், அவ்வளவே. அப்பி வைத்தால் பிளேட் தோலைத் தொடாமல் பேஸ்ட் மேல் மிதக்கும். பல பேஸ்ட்டுகளில் ஆல்கஹால் இருக்கிறது, புண்ணான தோலில் பட்டால் உயிர் போகிற எரிச்சல். தோல் கசிந்து ஈரமாக இருந்தால் முதலில் ஸ்டோமா பவுடர். அதையும் தூவிவிட்டு மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும், பவுடர் மேல் எதுவும் ஒட்டாது.

கசிவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கழற்றிய பிளேட்டே சொல்லும். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மெல்ல உரித்து, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி ஒரே அளவில் கொஞ்சம் வெளுத்து உப்பியிருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கரைந்து, ஓட்டையிலிருந்து விளிம்புவரை பழுப்பாக ஒரு வாய்க்கால் ஓடியிருந்தால் அதுதான் வழி. கடிகார முள் கணக்கில் குறித்து வையுங்கள். எங்களுக்கு ஐந்து பிளேட்டிலும் 9 மணி, அதாவது தொப்புளை நோக்கி. படுத்திருக்கும்போது அந்த இடம் சமமாகத் தெரியும். உட்காரச் சொல்லிப் பார்த்தபோதுதான் விரல் நுழைகிற அளவு மடிப்பு. ஆகவே படுத்து, உட்கார்ந்து, நின்று, செருப்பை எடுக்கக் குனிந்து என நான்கு நிலையிலும் பாருங்கள். மடிப்பில் மட்டும் மெல்லிய பேஸ்ட் கோடு, அல்லது பேரியர் ரிங்கை (மாவு போல் பிசையக்கூடிய ஒட்டு வளையம்) கிள்ளி வைத்த ஒரு துண்டு போதும். பேஸ்ட்டைத் தொட ஈர விரல் வேண்டும், இல்லையென்றால் எல்லாம் விரலோடு வந்துவிடும்.

அடுத்த தப்பு அளவு. ஆபரேஷன் ஆன 6 முதல் 8 வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். மருத்துவமனையில் வெட்டிக் காட்டிய 40 மி.மீ. ஓட்டையையே நாங்கள் ஆறாவது வாரமும் வெட்டிக்கொண்டிருந்தோம். அளந்தால் 30 மி.மீ. சுற்றிலும் 5 மி.மீ. தோல் மலத்தில் ஊறினால் வேறென்ன ஆகும்? வாரம் ஒருமுறை அளந்து, ஸ்டோமாவைவிட 2-3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். இறுக்கமாகவும் கூடாது. ஸ்டோமாவுக்கு வலி தெரியாது, விளிம்பு அறுத்தாலும் நோயாளி சொல்லமாட்டார். துடைக்கும்போது லேசாக ரத்தம் வந்தால் பயமில்லை. நிறம் கருத்தாலோ ஊதாவானாலோ உடனே டாக்டர்தான்.

ஸ்டோமா நீள்வட்டமாக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது. வெட்ட அளவெடுக்க வயிற்றின் மேல் தாளை வைத்து வரைவது நம் பார்வைப் பக்கம். பிளேட்டில் வரைவதோ தோலில் ஒட்டுகிற பக்கம். தாளைத் திருப்பாமல் வரைந்தால் ஓட்டை இடவலம் மாறிவிடும். தாளில் 'வெளிப்பக்கம்' என்று எழுதிவிடுங்கள், பிளேட்டில் வரையும்போது அந்த எழுத்து கவிழ்ந்திருக்க வேண்டும்.

வீணாய்ப் போன அலைச்சல் ஒன்று. பிளேட்டும் பையும் தனித்தனியாக வருகிற வகை எங்களுடையது, இரண்டையும் பூட்டுகிற வளையம் 57 மி.மீ. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 60-ஐக் கொடுத்து, "மூணு மில்லிதானே சார், அழுத்தினா உக்காந்துக்கும்" என்றார். உட்காரவில்லை. பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்கவும் இல்லை. அளவு ஒன்றானாலும் கம்பெனி மாறினால் பூட்டு பெரும்பாலும் சேராது. பழைய பெட்டியின் தயாரிப்பு எண்ணை போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். பில்லையும் பாருங்கள்: இந்தப் பொருட்களுக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

ஒட்டுவதற்கு நல்ல நேரம் விடியற்காலை, காபிக்கு முன்னால். அப்போது மலம் வருவது குறைவு. வெறும் தண்ணீரில் கழுவுங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, அதனால் மெட்ரோ தண்ணீர்தான். தேங்காய் எண்ணெய், டெட்டால், வாசனை சோப்பு, குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் எதுவும் வேண்டாம். ஒட்டாமல் போவதற்குப் பல நேரம் இவைதான் காரணம். ஃபேனடியில் தோலைக் காயவிட்டு, பிளேட்டை அக்குளில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஒட்டியபின் உள்ளங்கையால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மே மாதம் கரண்ட் போய் வேர்க்கிற நேரத்தில் ஒட்டினால் உழைப்பு வீண். வெயில் காலத்தில் நான்கு நாள் கணக்கை இரண்டு, மூன்றாக்கிக்கொள்ளுங்கள்.

மலம் கெட்டியாகிப் பையின் அடிக்குப் போகாமல் ஸ்டோமா மேலேயே அப்பிக்கொண்டு பிளேட்டைத் தள்ளுவதும் உண்டு. பையின் காற்று ஃபில்டரை அதன் ஸ்டிக்கரால் மூடி, பைக்குள் லூப்ரிகன்ட் (வழுக்க வைக்கும் திரவம்) கொஞ்சம் விட்டால் வழுக்கி இறங்கும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள்.

ஸ்டோமா தோல் மட்டத்திலோ உள்வாங்கியோ இருந்தால் இவ்வளவு செய்தும் கசியலாம். குழிவை அழுத்துகிற கான்வெக்ஸ் பிளேட்டும் பெல்ட்டும் அதற்கு இருக்கின்றன. சுற்றிலும் குடலிறக்கம் இருந்தால் ஆபத்து என்பதால் நீங்களாக வாங்காமல் டாக்டரிடமோ ஸ்டோமா நர்ஸிடமோ கேளுங்கள்.

பிளேட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தொடங்கினால் வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கழற்றிவிடுங்கள். மேலே பிளாஸ்திரி ஒட்டினால் மலம் உள்ளேயே நிற்கும். வெளியே போகும்போது வெட்டிவைத்த பிளேட் ஒன்றும் பை ஒன்றும் தோள்பையில் இருக்கட்டும், ஸ்கூட்டர் டிக்கியில் வேண்டாம். வெயிலில் இளகிய பிளேட்டின் தாளை உரித்தால் பாதி ஒட்டுப்பொருள் தாளோடு வந்துவிடுகிறது.