மஞ்சப் பெட்டியும் பசலி 1335-ம்

எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஓடும் ஒரு கதை: அத்தையுடைய அப்பாயி, அதாவது என் கொள்ளுப்பாட்டி, வெள்ளைக்காரன் காலத்திலேயே ஓட்டுப் போட்டவர், ஆனால் அதே வீட்டில் இருந்த அவருடைய கொழுந்தனாருக்கு ஓட்டு கிடையாது. நான் நம்பவில்லை. கேட்கவே தலைகீழாக இருக்கிறதே. சரி, பார்த்துவிடலாம் என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன்.

முதல் இரண்டு நாள் சுத்தமாக வீண், காரணம் நான்தான். சென்னை மாகாணத்தின் முதல் சட்டசபைத் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தது என்று படித்திருந்ததால், அந்த வருஷத்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் என்று தேடினால் கிடைக்காது, 'டாஞ்சோர்' என்று தேட வேண்டும், அதுவும் 'முகமதியர் அல்லாதார், கிராமப்புறம்' என்று தொகுதிப் பெயரோடு மதமும் ஒட்டிக்கொண்டு வரும். இதற்கெல்லாம் பழகி முடித்த பிறகுதான் உறைத்தது, 1920-ல் பெண்களுக்கு ஓட்டே கிடையாது! அந்தத் தடையைச் சென்னை சட்டசபை நீக்கியது 1921-ல், பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1923-ல். பெண்களே இல்லாத தேர்தலில் என் கொள்ளுப்பாட்டியைத் தேடியிருக்கிறேன்.

அப்புறம் அரசாணைகள் பக்கம் போனேன். இனிமேல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஜி.ஓ. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு துறைக்கும் எண் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் எண், தேதி, துறை மூன்றும் வேண்டும். நான் துறையைத் தப்பாக எழுதி ஸ்லிப் கொடுத்துவிட்டேன், நாடா கட்டிய ஒரு கட்டு வந்தது, ஆசையாகப் பிரித்தால் ஏதோ ஒரு ஊரின் சாக்கடை வேலைக்கான மதிப்பீடு. ஒரு ஓரத்தைத் தொட்டதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது, பயந்துபோய் மூடிவிட்டேன். அதன்பிறகு முதலில் இன்டெக்ஸ் தொகுதியில் பார்த்து மூன்றையும் பென்சிலில் குறித்துக்கொண்டுதான் ஸ்லிப் எழுதினேன்.

விஷயம் பிடிபட்டது தேர்தல் விதிகளைப் படித்தபோதுதான். அந்தக் காலத்து ஓட்டு ஆளைப் பார்த்து வரவில்லை, வரியைப் பார்த்து வந்தது. கிராமமென்றால் ஆண்டுக்குக் குறைந்தது 10 ரூபாய் மதிப்புள்ள நிலம் பேரில் இருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. ஏறக்குறைய 4 கோடிப் பேர் இருந்த மாகாணத்தில் 1920-ல் ஓட்டு இருந்தது சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. நிலமில்லாதவர், கூலிக்காரர், குத்தகைக்கு உழுதவர், இவர்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. பெண்களுக்கான தடை போன பிறகும் இந்தச் சொத்துக் கணக்கு அப்படியே இருந்ததால், பட்டா பேரில் இருந்த கொஞ்சப் பெண்களுக்குத்தான் அது பயன்பட்டது. சம உரிமை வந்துவிட்டது என்று இதை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அன்று ராத்திரியே அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தே, நிலம் யார் பேர்ல இருந்துச்சு?"

"அப்பாயி பேர்லதான். தாத்தா பாகம் பிரிஞ்ச மறு வருஷமே போயிட்டாரு. சின்னவரு அவரு பங்கை அப்பவே வித்துத் தின்னுட்டாரே."

ஊருக்குப் போய் இரும்புப் பெட்டியைக் குடைந்ததில் ஒரு கிஸ்தி ரசீது, அதாவது நிலவரி கட்டிய ரசீது, கிடைத்தது. பசலி 1335, தொகை 12 ரூபாய் 6 அணா, கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை, போட்ட கையெழுத்து கோழி கிண்டின மாதிரி. பசலி என்பது ஜூலையில் தொடங்கும் நிலவரி ஆண்டு; அதோடு 590-ஐக் கூட்டினால் 1925, அந்தப் பசலி 1926 ஜூனில் முடியும். 1926 நவம்பரில் தேர்தல். பத்து ரூபாய்க்கு மேல் தீர்வை கட்டிய அப்பாயி அப்போதே தகுதியான ஆள்தான். பங்கை விற்றுவிட்ட கொழுந்தனாருக்கு ஏது ஓட்டு?

ஆனால் அத்தை ஒன்றை அழுத்திச் சொல்கிறார், அப்பாயி போட்டது மஞ்சப் பெட்டியில் என்று. அப்படியென்றால் அது அநேகமாக 1937 தேர்தலாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டிகளுக்கு நிறம் வைத்தபோது காங்கிரசுக்கு வந்தது மஞ்சள். 1935 இந்திய அரசுச் சட்டம் தகுதியைத் தளர்த்தி, சொத்துள்ளவரின் மனைவி, விதவை என்றெல்லாம் சேர்த்ததால் அந்தத் தேர்தலில் பெண்கள் கூட்டம் முன்னைவிடப் பெரிது. 1926-ல் அப்பாயி போனாரா, யாராவது அழைத்துப் போனார்களா, அது அத்தைக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர் வாக்காளர் பட்டியல் இன்னும் கண்ணில் படவில்லை. ரசீதைப் படமெடுத்து அத்தைக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பேரை தப்பா எழுதியிருக்கான் பாரு அந்தக் கர்ணம்" என்றார். அதனால் அடுத்த முறை போகும்போது அந்தத் தப்பான பேரையும் சேர்த்துத் தேட வேண்டும்.