அமெரிக்க மிஷனின் இன்னொரு பிள்ளை

வட்டுக்கோட்டையில் படித்த எவரையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று ஆண்டுகளைச் சொல்லிவிடுவார்: அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்த 1816, செமினரி தொடங்கிய 1823, யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்த 1872. காலைப் பிரார்த்தனையிலும் பரிசளிப்பு விழாவிலும் கேட்டுக் கேட்டு ஊறிப்போன எண்கள் அவை. 1847ஐ மட்டும் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது அந்த ஆண்டில்தான். அவரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கம், பொஸ்ரனில் இருந்த சங்கம், சீனாவின் ஃபூச்சோ நகரத்தில் கால் வைத்ததும் அதே ஆண்டில்தான்.

இது எனக்குத் தெரியவந்தது ரொறன்ரோவில், வேலை செய்த இடத்தில். பக்கத்து மேசைக்காரர் ஃபூச்சோக்காரர். மத்தியானச் சாப்பாட்டின்போது ஒருநாள் பள்ளிக்கூடக் கதை வந்தது. தன்னுடைய பள்ளிக்கூடம் 1853இல் அமெரிக்கப் பாதிரிமார் தொடங்கியது என்றார். எந்த அமெரிக்கர் என்று விசாரித்துக்கொண்டு போனால், நம்முடைய அதே அமெரிக்க மிஷன் சங்கம்! அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு நேரம் நீண்டுவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இருவருமாக ஃபூச்சோவுக்குப் போனோம்.

மின் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியவை. தெருவோரம் எங்கும் விழுது விட்ட ஆலமரங்கள். ஆலமர நகரம் என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அபின் போரில் தோற்ற சீனா 1842இல் நான்கிங் உடன்படிக்கையின்படி ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அவற்றில் ஃபூச்சோவும் ஒன்று. பாங்கொக்கில் சீனர்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்த ஸ்ரீபன் ஜோன்சன் 1847 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தார். செப்டெம்பரில் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த யட்சன் கொலின்சும் மோசஸ் வைற்றும் வந்தார்கள். 1850இல் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கமான சி.எம்.எஸ். வந்தது.

வந்தவர்களுக்கு ஊர் கொடுத்த வரவேற்பு மௌனம்தான். மெதடிஸ்தர் முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. சி.எம்.எஸ். பதினொரு ஆண்டுகள் காத்திருந்தது. இதற்குள் கொலின்ஸ் நோயில் விழுந்து ஊர் திரும்பி, 1852இல் இறந்துபோனார். இதில் ஒரு வேடிக்கை: மெதடிஸ்தர் 'மெய்க் கடவுள் ஆலயம்' என்று பெயரிட்டுத் தங்கள் முதல் கோயிலைக் கட்டிப் பிரதிஷ்டை செய்தது 1856இல், முதல் ஞானஸ்நானமோ 1857இல். சபையில் ஒரு சீனரும் இல்லாத காலத்தில் கோயில் எழும்பிவிட்டது. இதை விசுவாசம் என்பதா, பிடிவாதம் என்பதா? இரண்டும் ஒன்றுதான் என்பது நண்பரின் கட்சி.

ஊரார் முகம் கொடுக்காததில் எனக்கு வியப்பில்லை. அபினும் பைபிளும் ஒரே நாடுகளின் கொடி நிழலில் வந்திறங்கியபோது, எது எதற்குக் காவல் என்று ஊரார் எப்படிப் பிரித்தறிவார்கள்? 1878இல் ஊர் நடுவே உள்ள வூஷிஷான் குன்றில் சி.எம்.எஸ். புதிதாகக் கட்டிய வேதசாத்திரக் கல்லூரியை மக்கள் எரித்துவிட்டார்கள். குன்றில் எழும்பிய கட்டடம் நகரத்தின் ஃபெங் சுய் அமைப்பைக் கெடுக்கிறது என்பது அவர்களின் முறைப்பாடு. மிஷன் பதிவுகளைப் படித்தால் அது வெறும் மூடநம்பிக்கை, காடைத்தனம். கீரிமலைப் புனிதக் கேணியின் தலைமாட்டில் யாராவது வந்து மாடிக் கட்டடம் எழுப்பியிருந்தால் நம் பாட்டன்மார் பூமாலை போட்டிருப்பார்களா? கட்டடத்தை எரித்தது சரி என்று நான் சொல்லவரவில்லை.

இனி, என்னை அந்த ஊர்வரை இழுத்துப்போன விடயத்துக்கு வருகிறேன். மானிப்பாயில் கிறீன், இங்கிலிஷில் படிப்பித்தால் தம் மாணவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள் என்று கண்டு, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'அங்காதிபாதம்' என்ற பெயர் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். ஃபூச்சோவில் அதே சங்கத்தின் வைத்தியர் டோஃபின் ஒஸ்குட். 1870இல் வந்தவர். அபின் பழக்கத்திலிருந்து மீள விரும்பியவர்களுக்கு ஒரு விடுதி நடத்தினார். அவரும் உட்கார்ந்து ஓர் உடற்கூற்று நூலைச் சீனத்துக்கு மொழிபெயர்த்தார். வேலை முடிந்தது, அச்சில் முழுமையாக வெளிவருமுன் 1880இல், முப்பத்தைந்து வயதளவில், இறந்துபோனார். எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடிக்கொண்டு, ஒருவர் தமிழிலும் மற்றவர் சீனத்திலும் ஒரே பாட்டைப் பட்டிருக்கிறார்கள். நம் மலர்களில் கிறீனைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஒஸ்குட்டின் பெயரை நான் ஒன்றிலும் கண்டதில்லை.

ஆனாலும் ஃபூச்சோவின் கதையை அமெரிக்கர் பெயர்களால் மட்டும் சொல்ல முடியாது. 1881இல் மெதடிஸ்தர் ஆங்கில-சீனக் கல்லூரியைத் தொடங்கப் பத்தாயிரம் டொலர் கொடுத்தவர் தியோங் ஆஹொக் என்ற உள்ளூர் வர்த்தகர். ஹூ யோங் மி என்ற சீனப் போதகரின் மகள் ஹூ கிங் எங் அமெரிக்கா சென்று, பிலடெல்பியாவில் பெண்களுக்கான வைத்தியக் கல்லூரியில் 1894இல் பட்டம் பெற்று, ஊர் திரும்பிப் பெண்களுக்கான வைத்தியசாலையை நடத்தினார். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் றெயில்வேக்கும் கந்தோர்களுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், வோங் நாய் சியோங் என்ற மெதடிஸ்தர் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஃபூச்சோ மக்களைச் சரவாக்கின் சிபுவில் கொண்டுபோய்க் குடியேற்றினார். 1901இல் தொடங்கிய அந்தக் குடியேற்றத்தில் இன்றும் ஃபூச்சோ மொழி கேட்கிறது.

1949க்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். மிஷனரிமார் வெளியேறினார்கள், பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் அரசு எடுத்துக்கொண்டது, 1966இல் கோயில்கள் மூடப்பட்டன, 1979 தொடக்கம் ஒவ்வொன்றாகத் திறந்தன. இலங்கையில் 1960-61இல் அரசு பள்ளிக்கூடங்களைச் சுவீகரித்தபோது யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் தனியார் பள்ளிகளாகவே நின்றுகொண்டன. நண்பரின் பள்ளிக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை. யூஷான் குன்றின் அடிவாரத்தில் அது இன்று அரசுப் பள்ளி. நாங்கள் போனபோது பாடம் நடந்துகொண்டிருந்ததால் படலைக்கு வெளியே நின்று பார்த்தோம். தான் படித்த வகுப்பறை எது என்று அவர் கையைக் காட்டிய இடத்தில் புதிய மாடி ஒன்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஹுவாஷியாங் கோயிலுக்குப் போனோம். 1938இல் எழுந்த கற்கட்டடம். மெதடிஸ்தருடையதாக இருந்தது, இப்போது மெதடிஸ்தர், காங்கிரிகேஷனலிஸ்தர் என்ற பிரிவெல்லாம் சீனாவில் இல்லை. ஆராதனை தொடங்க வெகுநேரம் முன்பே உள்ளே இடமில்லை. முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள், அவற்றுக்கு எதிரே ஒரு தொலைக்காட்சித் திரை. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு பாடினார். பிரசங்கம் நீளம்; அந்த விடயத்தில் நம்முடைய போதகர்மாருக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. நண்பர் கிசுகிசுத்து மொழிபெயர்த்தார், பாதியில் நித்திரையானார்.

திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆஹொக், ஹூ கிங் எங் என்று தன் ஊரவர் பெயர்களை நான் இவ்வளவு குறித்துவைத்திருக்கிறேனே, கிறீனோடு இருந்து அந்த நூல்களைத் தமிழாக்கியவர்கள் யார்? சப்மன், டான்போத், சுவாமிநாதன் என்று பெயர்களைச் சொன்னேன். முதல் இரண்டும் அமெரிக்கர் பெயராயிற்றே என்றார். அவர்களும் தமிழர்தான், மிஷன் பள்ளியில் சூட்டிய பெயர்கள் என்று விளக்கினேன். எந்த ஊர், யார் பிள்ளைகள் என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மானிப்பாய், உடுவில், வட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவர்களின் வழிவந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பெட்டகத்தில் பழைய கடிதமோ படமோ இருந்தால், அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள். நண்பருக்கும் ஒரு பிரதி கொடுக்கவேண்டும்.