புது மாடல் வந்தபின் பழைய துப்பாக்கி: என் விலை அட்டவணை எதுவரை வந்திருக்கிறது

கைபேசியில் இந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். புதுசு வந்தால் பழசு இறங்கும். துப்பாக்கியிலும் அப்படித்தானா என்று பார்க்கத்தான் இந்த அட்டவணையைத் தொடங்கினேன். சுடுவதில் இருக்கும் ஆர்வத்தைவிட எனக்கு ஏல முடிவுகளைப் படிப்பதில் ஆர்வம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை.

எதைக் குறிப்பது என்பதில்தான் முதலில் நேரம் போனது. விற்பவர் கேட்கும் விலையால் பிரயோஜனமில்லை. கேட்பதற்கு யாருக்கும் செலவாவதில்லை. ஏலம் முடிந்து பணம் கைமாறிய விலை மட்டும் அட்டவணையில் ஏறும். அதையும் அப்படியே எழுதாமல், அதே வேலைக்கு அன்றைக்குக் கடையில் கிடைக்கும் புதுத் துப்பாக்கியின் விலையில் அது எத்தனை பங்கு என்று எழுதுகிறேன். பல வருட விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது வசதி. உலோகத்தின் மேல் மெருகு எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று தரம் சொல்வது இந்தச் சந்தையின் வழக்கம், அதற்கும் ஒரு பத்தி. 2020, 2021 வரிகளுக்குத் தனி நிறம் கொடுத்திருக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் வாங்கும் வேகம் எகிறி, பழசு புதுசு பேதமில்லாமல் எல்லாமே ஏறியது. அந்த வரிகளை வைத்துக்கொண்டு மாடல் மாற்றத்தைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

நேராக இறங்கியவை

2018இல் சிக் சாவர் பி365 வந்தது. சட்டைக்குள் மறைத்து வைக்கக்கூடிய 9 மி.மீ. பிஸ்டல் என்றால் அதுவரை ஆறேழு தோட்டாதான். 2015இல் வந்த கிளாக் 43இன் மேகசினில் 6. 2012இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டில் 7 அல்லது 8. பி365 ஏறக்குறைய அதே உடம்பில் 10 தோட்டாவை அடக்கியது. அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட், 2021இல் ஷீல்ட் பிளஸ் என்று மற்றவர்களும் பின்னால் ஓடிவந்தார்கள்.

இங்கே பழசுக்காக வாதாட எதுவுமில்லை. அதே இடுப்பு, அதே தோட்டா, எண்ணிக்கை மட்டும் கூட. பெரிய அளவில் விற்றுத் தீர்ந்த மாடல்கள் என்பதால் அரிய பொருள் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குப் பிடித்தது இறக்கத்தின் வேகத்தைப் பார்ப்பதுதான். அறிவித்த நாளில் ஒன்றுமே நடப்பதில்லை. ஜனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் ஷாட் ஷோ என்ற துப்பாக்கி வணிகக் கண்காட்சியில் மேடையேறும் மாடல் கடைக்கு வர மாதங்கள் ஆகலாம். வந்தாலும் முதல் வருடத் தயாரிப்பை நம்பாமல் காத்திருப்பவர்கள் உண்டு. புதுசு தாராளமாகக் கிடைத்து, அதை வாங்கியவர்கள் எல்லோரும் பழசைத் தள்ளிவிட ஒன்றாகக் கிளம்பும்போதுதான் விலை சரிகிறது.

இதைக் கவனித்தபின் .40 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டாவுக்கான பிஸ்டல்களின் வரிகள் தெளிவாகப் புரிந்தன. 1990இல் வந்த தோட்டா அது. அமெரிக்கக் காவல் துறைகள் பெரும்பாலும் அதற்கு மாறின. பிறகு எஃப்பிஐ மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்ப முடிவெடுத்து, 2016இல் கிளாக்குக்கு ஒப்பந்தம் கொடுத்தது. மற்ற துறைகளும் வரிசையாகத் திரும்பின. அவர்கள் திருப்பிக் கொடுத்த .40 பிஸ்டல்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. உறையில் உரசி வெளியே தேய்ந்திருக்கும், குழல் அதிகம் சுடப்படாமல் இருக்கும். சுடுவதற்கு மட்டும் ஒன்று வேண்டும் என்பவருக்கு இதைவிட மலிவாகக் கிடைப்பது கஷ்டம். விற்பவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

கிளாக்கின் தலைமுறை மாற்றங்கள் நான் நினைத்ததைவிடச் சப்பென்று இருந்தன. 2010இல் நான்காம் தலைமுறை, 2017இல் ஐந்தாம் தலைமுறை. பழையதற்கும் புதியதற்கும் நடுவே இடைவெளி உண்டு, பள்ளம் இல்லை. மூன்றாம் தலைமுறைக்கு வெளியார் தயாரிக்கும் உதிரி பாகங்கள் மலையளவு கிடக்கின்றன. போதாக்குறைக்கு, எந்தக் கைத்துப்பாக்கிகளைப் புதிதாக விற்கலாம் என்று சொல்லும் கலிஃபோர்னியா மாநிலத்தின் அனுமதிப் பட்டியல் காரணமாக அங்கே நீண்ட காலம் அந்தத் தலைமுறைதான் புதிதாகவே விற்றது. தலைமுறை எண்ணைவிட, ஸ்லைடின் (பின்னும் முன்னும் நகரும் மேல் பாகம்) மேல் ரெட் டாட் என்ற, சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவியைப் பொருத்த இடம் வெட்டியிருக்கிறதா என்பதுதான் விலையை அதிகம் அசைக்கிறது என்பது என் கணிப்பு.

ஏறியவை

புது மாடல் வந்து பழசின் விலை ஏறியதற்குப் பெயர்போன உதாரணம் வின்செஸ்டர் மாடல் 70. 1936இல் வந்த ரைபிள். 1964இல் செலவைக் குறைக்க அதை மாற்றியமைத்தார்கள். தோட்டாவின் விளிம்பை அகலமான நகத்தால் பிடித்தபடியே குழலுக்குள் கொண்டுபோகும் முறை போய், வெறுமனே தள்ளி ஏற்றும் முறை வந்தது. மரக் கட்டையில் கையால் வெட்டிய கட்டங்களுக்குப் பதில் அச்சில் அழுத்தியவை. அன்றிலிருந்து '1964க்கு முந்தையது' என்பது சந்தையில் ஒரு தனிச் சாதி. தொண்ணூறுகளில் அந்த நகம் திரும்ப வந்தது, இன்றைய தயாரிப்பிலும் இருக்கிறது. ஆனாலும் முந்தையதற்கான கூடுதல் விலை போகவில்லை. இன்றைய மாடல் 70 பலவும் பழையதைவிடத் துல்லியமாகச் சுடும் என்பேன். ஏலத்தில் இந்த வாதம் எடுபடாது. பழையவற்றுக்குள்ளும் .30-06, .270 போன்ற பரவலான தோட்டா அளவுகள் எட்டும் விலையில் இருக்கும். .35 ரெமிங்டன் போன்ற அபூர்வ அளவு என்றால் பேச்சே வேறு.

நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் மார்லின் லீவர் ரைபிள்களிலும் இதே கதை. 2008இல் நிறுவனம் ரெமிங்டன் கைக்குப் போனது, பிறகு பழைய ஆலை மூடப்பட்டது. ஆரம்பத்தில் வந்தவற்றின் தரத்தைப் பற்றி முணுமுணுப்பு கிளம்பியதும், குழலில் 'ஜேஎம்' முத்திரை உள்ள பழையவற்றைத் தேடி ஆட்கள் அலைய ஆரம்பித்தார்கள். பிறகு மார்லினை வாங்கிய ரூகரின் தயாரிப்பாக 2021 கடைசியில் வந்தவற்றுக்கு நல்ல பெயர். இருந்தும் ஜேஎம் முத்திரைக்கான மவுசு குறையவில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் 2001 முதல் வந்த, சுட முடியாதபடி பூட்டுவதற்கான சாவித் துளையும் அப்படித்தான். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை, அது இல்லாத பழசுக்குக் கூடுதல் விலை.

செத்துப் பிழைத்தவை

எனக்கு அதிக வேலை வைத்த பகுதி இது. கோல்ட் பைத்தன் 1955இல் வந்த .357 ரிவால்வர். உற்பத்தி நின்றபின் அதன் விலை ஏறிக்கொண்டே போனது. 2020இல் கோல்ட் அதை மீண்டும் கொண்டுவந்தது: துருப்பிடிக்காத எஃகு, குறைக்கப்பட்ட உள் பாகங்கள், குறிபார்க்கும் பின் பாகத்துக்குக் கீழே கூடுதல் உலோகம். பழைய பைத்தன் படுத்துவிடும் என்று பலரும் பேசினார்கள். நான் எல்லாப் பழைய பைத்தனையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால் எந்தப் போக்கும் தெரியவில்லை. நிலைவாரியாகப் பிரித்தபோதுதான் வெளிச்சம். கருநீல மெருகு கலையாமல் பெட்டியும் காகிதமும் கூடவே இருப்பவை அசையவில்லை. கையால் தீட்டிய அந்தப் பழைய மெருகுக்காக வாங்குகிறவர் புதுசைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மெருகு தேய்ந்து, பிடி மாற்றப்பட்டு, சுடுவதற்காக மட்டும் கைமாறி வந்தவைதான் தடுமாறின. அவற்றை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இப்போது உத்தரவாதத்தோடு புதுசே கிடைக்கிறது. பழையதன் உள் இயக்கத்தைச் சீர் செய்யத் தெரிந்த கைகள் அருகிவருவதும் அவருக்குத் தெரியும்.

பிரௌனிங் ஹை-பவர் இன்னும் சிக்கல். 1935இன் பிஸ்டல், 2018இல் உற்பத்தி நின்றதாக அறிவித்தார்கள். 2021இல் ஸ்பிரிங்ஃபீல்டின் எஸ்ஏ-35, 2022இல், அசலைத் தயாரித்த எஃப்என் நிறுவனத்தின் சொந்த ஹை பவர். எஸ்ஏ-35 பழைய வடிவத்தை ஒட்டியே செய்தது, பழைய மேகசின் அதில் ஏறும். எஃப்என்னுடையது பெயரில் மட்டும் வாரிசு. 17 தோட்டா, மேகசினே வேறு. ஆகவே பழைய ஹை-பவருக்கு நிஜமான போட்டி அதைப் பெற்ற வீட்டிலிருந்து வரவில்லை, வெளியாரிடமிருந்து வந்தது. அட்டவணையில் 'மாற்று மாடல்' என்ற பத்தியில் நிறுவனப் பெயர் பார்த்து எழுதும் வழக்கத்தை இதற்குப் பின் விட்டேன். எந்தப் பாகம் எதில் பொருந்துகிறது என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

காற்றுத் துப்பாக்கி: முத்திரையில் இருக்கும் தேதி

போட்டிக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள்களை ஒப்புக்குத்தான் சேர்த்தேன். அவை தனி அட்டவணையாக வளர்ந்துவிட்டன. இன்றைய போட்டி ரைபிள்கள் அழுத்திய காற்றுச் சிலிண்டரில் ஓடுகின்றன, அந்தச் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் 10 ஆண்டு என்று தயாரிப்பாளர் வரம்பு வைக்கிறார், தேதி அதன் மேலேயே பதிந்திருக்கும். காலாவதியான சிலிண்டரோடு ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) போட்டியில் நிற்க முடியாது. அதனால் புது மாடல் வந்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. குழலும் விசையும் முதல் தரமாக இருந்தும், சிலிண்டரில் ஒரு வருடம்தான் மிச்சம் என்றால் வாங்குபவர் புதுச் சிலிண்டரின் விலையை அப்படியே கழித்துக் கேட்கிறார். கேட்பது நியாயம்தான்.

இந்தத் தேதித் தொல்லை இல்லாத கிழம் ஒன்று இருக்கிறது: ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். பக்கவாட்டு நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். சுடும்போது உடம்பு தண்டவாளத்தில் போலப் பின்னால் நழுவி அதிர்வை விழுங்கும். பெரிய போட்டிகளில் அதன் காலம் முடிந்து பல வருடமாகிறது. ஆனால் ஸ்பிரிங்கையும் சீலையும் மாற்றினால் மறுபடி பழையபடி சுடுகிறது, பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். அதற்குப் பின் வந்த ஆரம்பக் காலச் சிலிண்டர் ரைபிள்களோடு வரி வரியாக வைத்துப் பார்த்தால், இந்தத் தாத்தா தன் விலையை நன்றாகவே பிடித்து வைத்திருக்கிறது. இடையில் வந்தவைதான் பாவம். போட்டிக்குப் பழசு, சேகரிப்புக்குப் புதுசு.

இதனால் 'உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா' என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். மற்ற வரிகளுக்கும் பின்னோக்கிப் போய் நிரப்பும் வேலை பாதியில் நிற்கிறது. அதோடு கிளாக்கின் முதல் தலைமுறை. 2020இல் அதன் நகலாக பி80 என்ற ஒரு வெளியீடு வந்தது. பைத்தனில் நடந்த பிளவு பிளாஸ்டிக் உடம்பிலும் நடக்குமா என்று பார்க்க, எண்பதுகளின் அசல்களை அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தவை, பெட்டி தொலைந்தவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டியோடு விற்று முடிந்தவை மெதுவாகத்தான் கண்ணில் படுகின்றன.