வைகைக் கரையில் டைவர் வாட்ச்

மதுரைக்குக் கடல் கிடையாது. வைகையே வருடத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. ஆனாலும் மேலமாசி வீதிப் பக்கம் நான் வேலை பார்க்கும் கடைக்குச் சர்வீஸுக்கு வரும் விலை உயர்ந்த வாட்ச்களில் முக்கால்வாசி டைவர் வாட்ச்கள்தான். கொண்டுவருபவர்கள் தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்கள், மேலூர்ப் பக்கம் கல்குவாரி வைத்திருப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். இவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

"300 மீட்டர் போட்டிருக்கிறதே தம்பி, பிறகு எப்படிக் கண்ணாடிக்குள் ஆவி வந்தது?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். அந்த 300 மீட்டர் பொய்யில்லை. டைவர் வாட்ச்களுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தர விதி இருக்கிறது. சொன்ன ஆழத்துக்குரியதைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு சோதனை உண்டு. வாட்சை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடி மீது ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் வைத்து, சற்றுப் பொறுத்துத் துடைத்தால் உட்புறம் பனி படர்ந்திருக்கக் கூடாது. மே மாதத்தில் எங்கள் கடையில் சூடாக்கும் தட்டையே போட வேண்டியதில்லை, வாசல்படியில் வைத்தால் போதும்.

ஆனால் அந்த எண் புது வாஷருக்கும், இறுக்கித் திருகிய சாவிக்கும் (பக்கவாட்டில் நேரம் மாற்றும் குமிழைத்தான் சாவி என்கிறோம்) மட்டும்தான் பொருந்தும். தேதி மாற்றிவிட்டுச் சாவியைத் திருகாமல் விட்டவருக்கு 300 மீட்டர் வாட்சும் கல்யாண வீட்டில் கை கழுவும் தொட்டி வரைக்கும்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள் அல்லவா, அதில் நனைந்து வருகிற வாட்ச்கள் எங்களுக்கு ஆண்டுதோறும் உண்டு.

உண்மையான எதிரி வியர்வை. மூடியைக் கழற்றினால் மரையில் சந்தனமும் பவுடரும் உப்பும் சேர்ந்து கறுத்த பசையாக அப்பியிருக்கும். மரக்குச்சியைக் கூராகச் சீவி அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வாஷர் உட்காரும் வரப்பு கண்ணுக்குத் தெரியும். ரோலெக்ஸ் கேஸுக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு, பயன்படுத்துவது 904எல் எஃகு. ஒமேகா முதலிய பெரும்பாலோர் பயன்படுத்துவது 316எல். விற்பவர்கள் 904எல் கூடுதலாகப் பளபளக்கும் என்பார்கள். பளபளப்பு கிடக்கட்டும். உப்பு நாள்பட அரித்து அந்த வரப்பில் குழி விழுந்தால் எத்தனை புது வாஷர் போட்டாலும் நீர் கசியும். 904எல் அந்த அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. நம் ஊர் மணிக்கட்டுக்கு 300 மீட்டரைவிட இதுதான் முக்கியம்.

இனி மிஷின். ரோலெக்ஸின் டைவர் வாட்சான சப்மரைனரில் 1980களின் கடைசியிலிருந்து நெடுங்காலம் ஓடியது 3135 என்ற எண்ணுள்ள மிஷின். மூடியைத் திறந்தால், கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் பகுதியில் சிவப்பாக இரண்டு சக்கரங்கள் தெரியும். முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலுக்கு ஒற்றைக் கை இல்லை, இரு பக்கமும் ஊன்றிய பாலம். அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அப்படி. என் கைக்கு மிகவும் இணக்கமான மிஷின் இதுதான். எந்த ஸ்குரூவை எடுத்தால் எது வரும் என்று அதுவே சொல்லும். குறை ஒன்று உண்டு. சர்வீஸ் தள்ளிப்போனால், கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் தட்டான ரோட்டரின் அச்சு தேய்ந்து, ரோட்டர் தாழ்ந்து கீழே உரசும். மூடியைத் திறந்ததும் வட்டமான கீறல் தெரிந்தால் கதை புரிந்துவிடும். 2020இல் சப்மரைனருக்கு வந்த 3235 அந்த இடத்தில் பால் பேரிங் வைத்துவிட்டது. முழுச் சாவியில் ஓடும் நேரமும் 48 மணியிலிருந்து 70 மணியாகக் கூடியது. வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தவர் திங்கட்கிழமை காலை நேரம் திருத்தாமல் மாட்டிக்கொண்டு கடை திறக்கலாம்.

ஒமேகா சீமாஸ்டர் 300எம் வேறு வழியில் போகிறது. 2018 முதல் அதில் இருக்கும் 8800 மிஷினின் இதயம் கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட். ஸ்பிரிங்கின் விசையைத் துடிப்பு துடிப்பாகப் பேலன்ஸ் வீலுக்கு விடுகிற அமைப்புதான் எஸ்கேப்மென்ட். இந்தக் கோ-ஆக்சியல் வகை ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் 1970களில் உருவாக்கியது. ஒமேகா அதை 1999இல் வாட்சில் கொண்டுவந்தது. வழக்கமான லீவர் அமைப்பில் எஸ்கேப் வீலின் பல், லீவரில் பதித்த கல்லின் முகத்தில் வழுக்கிக்கொண்டே தள்ளும். வழுக்குவதால் எண்ணெய் வேண்டும். எண்ணெய் வயதாகிக் கெட்டியானால் ஓட்டம் தளரும். டேனியல்ஸ் எஸ்கேப் வீலை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக்கி, உந்துதல் வழுக்காமல் நேராகப் போய்ச் சேரும்படி செய்தார். எண்ணெயை நம்பியிருக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்தது. எண்ணெய்தான் எங்கள் பிழைப்பு என்பதால் இதை நான் மெச்சுவது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வதற்குச் சமம். ஆனாலும் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியான லூப்பில் பார்த்தால் இதன் துடிப்பு சற்று நிதானமாக இருக்கும். ரோலெக்ஸ் மணிக்கு 28,800 துடிப்பு, இது 25,200. துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியான டைம்கிராஃபரில் வைக்கும்போது துடிப்பை மட்டும் மாற்றினால் போதாது, லிஃப்ட் ஆங்கிளையும் (உந்துதல் பெறும்போது பேலன்ஸ் வீல் சுழலும் கோணம்) 52 டிகிரியிலிருந்து 38க்கு இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பேலன்ஸ் வீல் எந்த வாட்சிலும் சுழல முடியாத அளவுக்குச் சுழல்வதாகத் திரை காட்டும். அதை நம்பி வாட்சைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

காந்தத்தில் ஒமேகா கை ஓங்கியது. செல்போன் உறை, காந்த மூடி போட்ட கைப்பை, ஸ்பீக்கர் என்று வீடு முழுக்கக் காந்தம். பேலன்ஸ் வீலை ஊசலாட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சாதாரண வகையாக இருந்து, அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாட்ச் கண்மண் தெரியாமல் வேகமாக ஓடும். 8800இன் ஹேர்ஸ்பிரிங் சிலிக்கன். மற்ற பாகங்களும் காந்தத்துக்கு மசியாதவை. 15,000 காஸ் (காந்தப் புலத்தின் அலகு) வரை தாங்கும் என்று சுவிட்சர்லாந்து அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் சோதித்துச் சான்று தருகிறது. காந்தத்தைத் தடுக்க இரும்புக் கூடு தேவைப்படாததால்தான் பின்மூடியைக் கண்ணாடியாக்க முடிந்தது.

அதே வாட்சில் 10 மணிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹீலியம் வால்வு எனக்குப் பிடிக்காது. ஹீலியம் கலந்த காற்றுள்ள அழுத்த அறையில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்யும் ஆழ்கடல் தொழிலாளிகளுக்கு, உள்ளே புகுந்த ஹீலியம் வெளியேறும்போது கண்ணாடி தெறிக்காமல் காப்பது அது. இங்கே அதன் ஒரே உபயோகம், இரண்டாவது சாவி என்று நினைத்து வீட்டுப் பிள்ளைகள் திருகுவது. எனக்கு மாற்ற வேண்டிய வாஷர் ஒன்று கூடுகிறது.

மூன்றாவதாக, பிளாங்பான் கம்பெனியின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் இந்தப் பக்கம் அபூர்வம். 1953இல் பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காகப் பிறந்த பெயர். ஃபாதம் என்பது கடலாழம் அளக்கும் அலகு, ஐம்பது ஃபாதம் ஏறக்குறைய 91 மீட்டர். இப்போதைய 1315 மிஷினில் மூன்று பேரல்கள் (மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாக்கள்), ஐந்து நாள் ஓட்டம். வெளி வளையத்தின் மேல் நீலக்கல் கண்ணாடி, அதன் அடியில் ஒளிரும் எண்கள். அழகில் மூன்றிலும் இதற்கே என் ஓட்டு. ஆனால் 45 மில்லிமீட்டர் கேஸ் முழுக்கைச் சட்டைக்குள் போகாது.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், வாங்கும் முன்பே இதைத் திறக்கப்போவது யார் என்று விசாரியுங்கள் என்கிறேன். நான் தொழில் பழகிய எச்எம்டி ஜனதாவுக்கு எந்தச் சந்திலும் உதிரிபாகம் கிடைத்தது. இந்த ரகத்தில் சில கம்பெனிகள் வெளிக்கடைக்கு ஒரு சாவி வாஷர்கூடத் தருவதில்லை. அப்படிப்பட்ட வாட்ச் வந்தால் மூடிவரை சுத்தம் செய்து, பிரஷர் டெஸ்டரில் வைத்துப் பார்த்து, கசிந்தால் சென்னைக்கு அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்.