காணாமல் போன புரட்டாசி சனி

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 13,600 கிலோமீட்டர், எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு 17 மணி நேரம், அப்புறம் சென்னைக்கு இன்னொரு 4 மணி நேரம். கால் வீங்குமே என்ற கவலையெல்லாம் அம்மாவுக்கு இல்லை. டிக்கெட்டைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு ஏறி ஞாயித்துக்கிழமை காலையில சிங்கப்பூர்ல இறங்கறோம்னா, நடுவுல சனிக்கிழமை எங்கடா?"

அதுவும் சாதாரண சனியா, புரட்டாசி சனி! அம்மாவுக்கு அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடுதான், கூடவே அப்பாவுக்கும் (அவர் சம்மதித்தாரா என்று யாரும் கேட்டதில்லை).

பசிபிக் கடல் நடுவில் தேதிக்கோடு இருக்கிறது, மேற்கே தாண்டினால் தேதி ஒரு நாள் முன்னே குதிக்கும் என்று விளக்கினேன். வந்தபோது இதற்கு நேர் எதிர். அன்றும் சனிக்கிழமைதான், சிங்கப்பூரில் காலை 9 மணி வாக்கில் ஏறி, அதே சனிக்கிழமை காலை 9 மணி வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியிருந்தார்கள். சென்னையில் தொடங்கிய அந்தச் சனி கடிகாரக் கணக்குப்படி 36½ மணி நேரம், இப்போது வரப்போவது வெறும் 11½, ஆக மொத்தம் 48, இரண்டு சனிக்கும் கணக்கு நேர்.

"அதான் அன்னிக்கு அப்படிப் பசிச்சுதா?" என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். "கூடுதலா இருந்த பன்னிரண்டரை மணி நேரத்தை இதுல கழிச்சிடு." அம்மா கழிக்கவில்லை.

விமானத்தில் சாப்பாடு வந்தபோது என் வாட்ச்சில் நள்ளிரவு தாண்டி 10 நிமிஷம். இதை எந்த நாள் கணக்கில் வைப்பது என்று நான் குழம்ப, அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "பெருமாள் திருமலையிலதானே இருக்கார், அங்க இப்ப மணி என்ன?" மத்தியானம் 12.40, சனிக்கிழமை. சரியான ஒருவேளைச் சாப்பாட்டு நேரம்! இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

இறங்குவதற்கு முன் அடுத்த தட்டு வந்தது. இந்தத் தடவை மணி கேட்டது அப்பா. இந்தியாவில் அதிகாலை இரண்டரை என்றேன். "ஞாயித்துக்கிழமை பொறந்தாச்சு!" என்று ஃபாயிலைப் பிரிக்கப் போனார்.

"விடிஞ்சாதாங்க அடுத்த நாள். பஞ்சாங்கம் தெரியாதா உங்களுக்கு?"

அங்கேதான் சிக்கல். ராத்திரி கிளம்பி மேற்கே போகிற விமானம் இருட்டோடு சேர்ந்தே ஓடுகிறது, பசிபிக் முழுக்க விடியவே இல்லை. அப்பா ஜன்னல் மூடியைத் தூக்கிப் பார்ப்பதும் இறக்குவதுமாக இருந்தார். பணிப்பெண் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதற்குள் ஒரு பன் மட்டும் அப்பாவின் சட்டைப் பைக்குப் போயிருந்தது. சக்கரம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கிழக்கே லேசாகச் சிவந்ததுதான் தாமதம், சீட் பெல்ட்டோடு சேர்ந்து நசுங்கியிருந்த அந்தப் பன்னை வெளியே எடுத்து, முதல் கடி கடித்துவிட்டுத்தான் அம்மாவுக்கு ஜன்னலைக் காட்டினார்.