வால் மறையும் கத்திக்குப் பிடி போட்டேன்

அலகு தயாராகி மூன்று வாரமாகப் பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. 1084 என்கிற கார்பன் எஃகு, 11 செ.மீ. நீளம், முதுகுப் பக்கம் 3.5 மி.மீ. கனம். எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றி, 200 டிகிரியில் இரண்டு தடவை சூடாக்கி முறுக்கைக் குறைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் முடித்தாகிவிட்டது. பிடி போடுவதுதான் பாக்கி.

இதற்கு முன்னால் செய்த இரண்டு கத்திகளிலும் எஃகு பிடியின் முழு அகலத்துக்கும் ஓடும். இரண்டு பக்கமும் மரத்துண்டை ஒட்டி ஆணி இறக்கினால் முடிந்தது. இது அப்படி இல்லை. உளிக்கும் அரத்துக்கும் இருப்பது போல ஒல்லியான வால் ஒன்று மரத்துக்குள் போய் மறைந்துவிடும். வெளியே தெரிவது மரமும் பித்தளையும் மட்டும்தான். எனக்குக் கத்தி என்றால் இந்த வகைதான் ரொம்பப் பிடிக்கும். எடை குறைவு, குளிரில் கை எஃகைத் தொடாது, பிடியைச் சுற்றிலும் மரத்தின் ரேகை உடையாமல் ஓடும்.

பிடி 11 செ.மீ., வால் 8.5 செ.மீ. பிடியில் மூன்றில் இரண்டு பங்காவது வால் உள்ளே இருக்கவேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அலகு ஒடுங்கி வாலாகும் இடத்தில் நிற்கும் படியைத்தான் தோள் என்கிறேன். வாலும் தோளும் சேரும் மூலையைப் பதம் ஏற்றுவதற்கு முன்பே வட்ட அரத்தால் உருட்டிவிட்டிருந்தேன். அந்த மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பதம் ஏற்றிய பிறகு, அலகை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, வாலை மட்டும் கேஸ் டார்ச்சில் நீல நிறம் ஏறும்வரை காய்ச்சினேன். நீலம் ஏறினால் ஏறக்குறைய 300 டிகிரி. அப்போதுதான் வால் கொஞ்சம் இளகும். அடி பட்டால் சட்டென்று முறியாது, அரமும் கடிக்கும். பின்னால் ஆணி போக 3 மி.மீ. ஓட்டை ஒன்றும் வாலில் போட்டுவைத்தேன்.

அப்புறம் காப்பு. அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வரும் பித்தளைத் துண்டைத்தான் காப்பு என்கிறேன். 6 மி.மீ. தகடு. இந்தக் கத்தியில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது இதில்தான்.

வால் தோளருகே 12 மி.மீ. அகலம், 3.4 மி.மீ. கனம். அந்த அளவுக்குப் பித்தளையில் ஒரு நீள்துளை வேண்டும். நடுக்கோடு கீறி, 4 மி.மீ. இடைவெளியில் மூன்று புள்ளி குத்தி, 3 மி.மீ. ட்ரில்லால் மூன்று ஓட்டை. நடுவில் நின்ற சுவர்களை நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய வாளால் அறுத்தெடுத்தேன். மீதி எல்லாம் ஊசி அரம்.

முதல் காப்பு வீணாகிவிட்டது. ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று வேகமாக ராவினேன். கை ஊஞ்சல் ஆடியதில் துளையின் இரண்டு வாயும் புனல் போல விரிந்துவிட்டன. வாலில் மாட்டி விளக்குக்கு எதிரே பிடித்தால் முதுகுப் பக்கம் வெளிச்சம் கோடாக வந்தது. ஒரு தபால் அட்டையை நுழைக்கலாம், அவ்வளவு இடைவெளி. பித்தளையை வெட்டலாம், திரும்ப வளர்க்க முடியாது. இரண்டாவது தகட்டை எடுத்தேன்.

இந்த முறை இரண்டு விஷயம் மாற்றினேன். ஊசி அரத்தின் ஒரு பக்கத்துப் பல்லை முழுக்கத் தேய்த்து மழுக்கிவிட்டேன். இப்போது துளையின் நீள ஓரத்தை ராவும்போது மூலையை அது தின்னாது. இன்னொன்று, வால் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசிக் காப்பை அழுத்தி இறக்கி எடுத்தேன். எங்கே இடிக்கிறதோ அங்கே துளையின் சுவரில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் இரண்டே இழுப்பு. திரும்பப் பூசு, இறக்கு, எடு, பார். நான்கு மணி நேரம் இதே வேலை. கடைசி அரை மில்லிமீட்டரைக் கையால் தள்ளவில்லை. நடுவில் துளைத்த மரக்கட்டை ஒன்றை வாலில் கோத்து, அதன்மேல் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் மொத்தையாக வரும். காப்பு தோளில் போய் உட்கார்ந்ததும் சத்தம் சட்டென்று கெட்டியாகிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு தட்டும் தட்டக்கூடாது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. நகத்தை ஓட்டினால் அலகிலிருந்து பித்தளைக்கு வழுக்கிக்கொண்டு போனது.

தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் இவ்வளவும் பலிக்காது. ஒன்று முடியளவு உயர்ந்தாலும் காப்பு சாய்ந்து நிற்கும். அதற்காகவே இரண்டு கெட்டியான எஃகுத் துண்டுகளை அலகின் இரு பக்கமும் போல்ட்டால் முடுக்கி, அவற்றின் மட்டத்துக்குத் தோளை முன்பே ராவி வைத்திருந்தேன்.

மரம் ஈட்டி. பழைய நாற்காலிக் கால் ஒன்றிலிருந்து அறுத்த துண்டு. வருஷக்கணக்கில் காய்ந்தது என்பதால் இனிமேல் சுருங்கும் என்ற பயம் குறைவு. நான்கு முகத்திலும் நடுக்கோடு போட்டுவிட்டு ட்ரில் செய்தேன். வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் எரித்து இறக்குகிறவர்கள் உண்டு. நல்ல முறைதான். ஆனால் சூடு தோளைத் தாண்டி அலகுக்குப் போனால் பதம் போய்விடும் என்று எனக்குப் பயம். அதனால் ஹேக்ஸா பிளேடு ஒன்றை ஒடித்து, முனையில் பின்னோக்கிக் கொக்கி போலப் பல் வெட்டி, அதை ஓட்டைக்குள் விட்டு இழுத்து இழுத்து மரத்தைச் சுரண்டினேன். இங்கேயும் மார்க்கர்தான் வழிகாட்டி. ஈட்டித் தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி இல்லாமல் தொடவேண்டாம்.

ஒட்டும் நாள். எபாக்ஸிப் பசையில் ஐந்து நிமிஷத்தில் இறுகுவது உண்டு, ஒரு நாள் எடுப்பது உண்டு. நான் ஒரு நாள் எடுப்பதைத்தான் கலந்தேன், அது நல்லதாகப் போயிற்று. ஈட்டியில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஓட்டையின் உள்ளேயும் வாலிலும் அசிட்டோன் போட்டுத் துடைத்தேன். பசை பிடிக்க வாலின் ஓரங்களில் அரத்தால் வெட்டுகள். மெல்லிய குச்சியால் பசையை அடிவரை இறக்கி, வாலை மெதுவாக ஏற்றி இறக்கினேன். அடைபட்ட காற்று குமிழி குமிழியாக வெளியே வந்தது.

கடைசியில் பித்தளை ஆணியைச் செருகினால் பாதியில் நின்றுவிட்டது. காரணம் உடனே புரிந்தது. பசையில்லாமல் பொருத்திப் பார்த்து மரத்தில் ஆணி ஓட்டை போட்ட அன்று, காப்புக்கும் மரத்துக்கும் நடுவில் வைக்கும் 0.8 மி.மீ. கறுப்பு ஃபைபர் தாளை வைக்க மறந்திருந்தேன். தாள் வந்ததும் மரம் அந்த அளவு பின்னால் தள்ளிப்போய், இரண்டு ஓட்டையும் நேர் விட்டுப்போயின. எல்லாவற்றையும் உருவி, வாலின் ஓட்டையை வட்ட ஊசி அரத்தால் நீள்வட்டமாக்கி, துடைத்து, மறுபடி பசை பூசிக் கோத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷப் பசையாக இருந்தால் அன்றோடு கத்தி போயிருக்கும்.

ஆணி தேவையா என்று கேட்பார்கள். ஜப்பானிய வாளில் பசையே கிடையாது. மெகுகி என்கிற மூங்கில் ஆணிதான் பிடியை வாலோடு பூட்டி நிறுத்துகிறது. தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். அதை நினைத்துப் பார்த்தால் ஒரு சின்ன ஆணியின் பலம் புரியும். என்றைக்காவது சூட்டில் பசை இளகினாலும் இந்தப் பிடி கையோடு வராது.

காப்பின் முன்பக்கம் பிதுங்கிய பசையை இறுகுவதற்கு முன்பே அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டேன். காய்ந்தபின் சுரண்டினால் பித்தளையில் கீறல் விழும்.

உருவம் கொடுப்பது எனக்குச் சுகமான வேலை. முரட்டு அரம், பிறகு 120, 220, 400, 600 உப்புத்தாள். பிடியின் குறுக்கு வெட்டு முட்டை வடிவம், ஒடுங்கிய பக்கம் கூரின் பக்கமாக. பார்க்காமலே கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். மரத்தையும் பித்தளையையும் சேர்த்துத் தேய்க்கும்போது தாளுக்குப் பின்னால் கெட்டியான கட்டை இருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் மரம் சீக்கிரம் குழிந்து பித்தளை மேடாக நிற்கும். மேலே தேன்மெழுகு மட்டும். துணியால் தேய்க்கத் தேய்க்க ஈட்டியின் கறுப்பு ரேகை ஊதா நிறத்தோடு எழுந்து வந்தது.

இவ்வளவு நாளும் அலகு கூர் இல்லாமல்தான் இருந்தது, டேப்பும் சுற்றியிருந்தேன். நேற்றுத்தான் டேப்பை உரித்து 1000 நம்பர் கல்லில் சாணை பிடித்தேன். விரலில் வைத்தால் காப்புக்குச் சற்றுப் பின்னால் சமனாக நிற்கிறது.

அடுத்து உறைக்குத் தோல் வெட்டவேண்டும். உறை வந்தாலும் கத்தியை அதிலேயே போட்டு வைக்கமாட்டேன். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், 1084 துருப்பிடிக்கும். எண்ணெய் தடவி அந்தப் பழைய துணியில்தான் சுற்றி வைக்கப்போகிறேன்.